ஒப்புக்குச் சப்பாணிக்கு ஒரு கடிதம்

பிரிஸ்பேன்
10.11.2024

அன்புள்ள செல்விக்கு,

 

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு: நாங்கள் நாய் வாங்கவில்லை. போனில் பாப்பா “புளூயி, புளூயி” என்று குதித்ததைக் கேட்டுவிட்டு, “கடிக்குமா, ஊசி போட்டாச்சா” என்று இரண்டு வாரமாக விசாரணை. அது டிவியில் வரும் நாய். இந்த பிரிஸ்பேனிலேயே தயாராகும் கார்ட்டூன்; 2018-ல் ஆரம்பித்தது. ஒரு கதை ஏழு நிமிஷம்தான். நம் சீரியலில் ஏழு நிமிஷத்துக்குள் மாமியார் திரும்பிப் பார்த்தே முடித்திருக்க மாட்டாள்.

அப்பா, அம்மா, இரண்டு பெண் குட்டிகள். இந்த ஊர்ப் பழைய வீடுகள் மாதிரியே தூண்மேல் நிற்கும் மரவீடு, வராந்தா. அம்மாவுக்கு ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி வேலை. அப்பா பேண்டிட், தொல்லியல்காரர். நாய்க்கு மண்ணைத் தோண்டுகிற வேலை பொருத்தம்தான். ஆனால் அந்த ஆள் எப்போது தோண்டப் போகிறார் என்றுதான் தெரியவில்லை. எந்நேரமும் பிள்ளைகளுக்குக் குதிரை, நோயாளி, ரோபோ. இவரால் ஊரிலுள்ள அப்பன்மார் பிழைப்பெல்லாம் நாறிக் கிடக்கிறது. நான் வேலை முடிந்து ஷூவைக் கழற்றக் குனிந்தால் பாப்பா முதுகில் ஏறிவிடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு “கிரிக்கெட்” என்ற கதையைப் பார்த்தோம். 2022-ல் வந்ததாம். ரஸ்டி என்று ஒரு பொடியன். அவனை அவுட்டாக்க முடியாமல் அப்பாக்களுக்கு நாக்குத் தள்ளுகிறது (நாய்களுக்கு அது சகஜம்தான்). ஒரு காலத்தில், அண்ணனின் சிநேகிதன் வேகமாகப் போட்ட பந்து பட்டு, பந்தைக் கண்டாலே ஒதுங்கினவன்தான் இவன். பட்டாளத்திலிருக்கும் அவன் அப்பா, ஒதுங்காமல் எதிர்த்து ஆடச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார். தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார். கடைசியில் பயல் என்ன செய்கிறான் தெரியுமா? சின்னத் தங்கை கையில் போய் விழுகிற மாதிரி வேண்டுமென்றே ஒரு கேட்ச் கொடுத்து அவுட்டாகிறான். பிறகு வளர்ந்து ஆஸ்திரேலியாவுக்கே ஆடப் போகிறான், அது கிடக்கட்டும்.

எனக்கு மூக்கு ஒழுகிவிட்டது. வசந்த காலம், மகரந்த அலர்ஜி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் தெருவில் நீ என்றைக்கும் ஒப்புக்குச் சப்பாணி. சாக்கடையில் விழுந்த பந்தைக் குச்சியால் தள்ளி எடுப்பது நீ, அடிபம்பில் கழுவுவது நீ, பாவாடையில் துடைத்துத் தருவதும் நீ. “உனக்குக் கடைசி பேட்டிங்” என்பேன். கடைசி வருவதற்குள் இருட்டிவிடும். ஒரே ஒரு நாள் வெளிச்சம் இருக்கும்போதே உன் முறை வந்துவிட்டது. “பேட் என்னுது” என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அது உன் உண்டியல் காசில் வாங்கின பேட் என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வருகிறோம். உனக்கு ஒரு ஓவர் பாக்கி இருக்கிறது. நான்தான் போடுவேன், மெதுவாக. இங்கே கொல்லைப்புற ஆட்டத்தில் வேலி தாண்டினால் சிக்ஸர், ஆனால் ஆள் அவுட். நம் தெருவிலும் மாடிக்குப் போனால் அவுட்தானே? உனக்கு அந்தச் சட்டம் கிடையாது.

மாப்பிள்ளையை மட்டும் சாக்கடைப் பக்கம் நிற்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்