வாட்டர்மார்க் வேந்தர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்னையில் விழித்திருப்பவர்களில் பால்காரருக்கு வேலை இருக்கிறது, காசிமேட்டு மீனவருக்கும் வேலை இருக்கிறது. புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு 'லைட்' இருக்கிறது. "லைட் போயிடும் ப்ரோ" என்று நண்பரைப் போனில் எழுப்பிக்கொண்டே பைக்கை உதைப்பார். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அதே சூரியன்தான் அதே இடத்தில் உதிக்கிறது. அப்போதெல்லாம் அவர் போர்வைக்குள் இருப்பார்.

நம்மவர் பெரும்பாலும் ஓ.எம்.ஆர். பக்கத்துக் கம்பெனிக்காரர். போனஸ் வந்த மாதம் கேமரா வந்தது. பெட்டி மட்டும் பரணில் பத்திரமாக இருக்கிறது, 'ரீசேல் வேல்யூ'வுக்காக. கேமரா வந்த அன்று அவர் முதலில் செய்தது படம் எடுத்ததல்ல, பேஜ் ஆரம்பித்தது. அப்பா பரமசிவம் என்று பெயர் வைத்திருந்தால் பேஜ் 'பரம் கிளிக்ஸ்'. முத்துக்குமார் என்றால் 'எம்.கே. ஃபிரேம்ஸ்'. அடுத்து லோகோ. டிசைன் படிக்கும் அக்கா பையனைப் பிடித்து, லென்ஸ் இதழ்களுக்கு நடுவே தன் கையெழுத்து வருகிற மாதிரி வரைந்து வாங்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் எடுத்த படங்கள்: மொட்டை மாடி, துளசிச் செடி, சம்மதிக்காத மனைவி.

லோகோ வந்தால் வாட்டர்மார்க் வந்தே தீர வேண்டும். முதலில் அது வலது மூலையில் பணிவாக உட்கார்ந்திருந்தது. "மூலையில போட்டா வெட்டிட்டுத் திருடிடுவாங்க ஜி" என்று ஒரு சீனியர் கிளப்பிவிட்டார். அன்றிலிருந்து கபாலீஸ்வரர் கோபுரத்தின் நட்டநடுவே, மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் இடையில், 'பரம் கிளிக்ஸ்' குடியிருக்கிறது. இத்தனை காவல் சட்டத்துக்குத் தேவையில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு வேண்டாம், முத்திரையும் வேண்டாம். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் காலத்துக்குப் பின் இன்னும் 60 ஆண்டுகளும் நிற்கும். நம்மவர் பள்ளிக்கரணையில் எடுத்த எருமை மாட்டுக்காக அவருடைய பேரன் கோர்ட்டுக்குப் போகலாம். எருமையைத் திருட ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

கேமராவோடு கொடுத்த கிட் லென்ஸ் மூன்றாவது மாதமே இளக்காரமாகிவிடும். 'பிஃப்டி ஒன் பாயிண்ட் எய்ட்' வாங்குவார். வாங்கிய நாளிலிருந்து அவர் உலகத்தில் பின்னணி என்பதே கிடையாது. எல்லாம் மங்கலான வட்ட வட்ட ஒளிப்பொட்டுகள், அதன் பெயர் பொக்கே. அந்த லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து முகத்துக்கு அருகே போனால் சில சென்டிமீட்டர் ஆழம்தான் துல்லியமாக விழும். எனவே மனைவியின் வலது கண் தெளிவாகவும், மூக்கு சுமாராகவும், இடது காது வேறு ஊரிலும் இருக்கும். "என் தோடு எங்கே?" என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக அவர் எஃப் நம்பரைப் பற்றி விளக்கினார்.

பங்குனி மாதம் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று இவரையும் இவர் இனத்தாரையும் மொத்தமாகப் பார்க்கலாம். நாயன்மார்கள் 63 பேர் பல்லக்குகளில் வருவார்கள். எதிரே கேமராக்காரர்கள் அதைவிட அதிகம் நிற்பார்கள். சாமி பார்க்க வந்த மாமிகள் லென்ஸ்களுக்கு நடுவே எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ராத்திரி வலையேறும் படங்களில் ஒருவர் எடுத்ததில் இன்னொருவர் தூக்கிப் பிடித்த கை கட்டாயம் இருக்கும். அந்தக் கையைத் தன்னுடையது என்று அடையாளம் கண்டுகொண்டு, 'செம ஃபிரேம் ஜி' என்று கமெண்ட் போடுகிறவர்களும் உண்டு.

சொல்லவேண்டிய குறை ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். நம்மவருக்கு எடுக்கத் தெரிகிறது, கழிக்கத் தெரியவில்லை. ஒரு மாட்டை நாற்பது முறை எடுப்பார், நாற்பதையும் போடுவார். "எல்லாமே நல்லாத்தானே இருக்கு?" என்பது அவர் வாதம். மாடு ஒன்றில் வாலைத் தூக்கியிருக்கிறது, ஒன்றில் இறக்கியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சென்னை மாகாண அரசின் படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இருபத்தொன்றைச் சேர்த்து ஒன்றாக்கியவர் அவர். ஒன்றை இருபத்தொன்றாக்கும் வித்தை இந்த நூற்றாண்டுக்குரியது.

இதே இனத்தில் ஒரு மூத்த தலைமுறையும் இருக்கிறது. 2004-இல் பிளிக்கர் வந்தபோதே கணக்கு ஆரம்பித்தவர்கள். 2013-இல் அந்தத் தளம் ஆளுக்கு ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றது. அண்ணன்மார் ஊட்டித் தேனிலவிலிருந்து கேஸ் சிலிண்டர் ரசீது வரைக்கும் ஏற்றிவைத்தார்கள். 2018-இல் தளம் கைமாறியது. இனி இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று அந்த ஆண்டே அறிவிப்பு வந்தது. அப்போதாவது எந்த ஆயிரம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கலாம். அவர்கள் எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, அதைப் பெட்டியோடு பரணில் வைத்தார்கள். கேமராப் பெட்டிக்கு அது துணை.

நம்மவர் இன்ஸ்டாகிராம் தலைமுறை. 2010-இல் அது வந்தபோது எல்லாப் படமும் சதுரம்தான். 2015 வரை கோபுரத்துக்குத் தலை இல்லாமலும் தேருக்குச் சக்கரம் இல்லாமலும் ஊர் வாழ்ந்தது. இப்போது நெட்டையாகவும் போடலாம், ஆனால் பழைய வேதனை ஒன்று தீரவில்லை. போனஸில் வாங்கிய 24 மெகாபிக்சல் கேமரா, 6000 புள்ளி அகலத்தில் ஒரு படம் தருகிறது. அதை அந்தச் செயலி 1080-ஆகச் சுருக்குகிறது. பிறகு அதைச் சித்தப்பா ஒருவர், பஸ்ஸில் நின்றபடி, கீறல் விழுந்த போனில், கட்டைவிரலை நிறுத்தாமல் பார்க்கிறார். இது நம்மவருக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்து 45 மெகாபிக்சல் வாங்க இ.எம்.ஐ. விசாரிக்கிறார்.

நிறத்திலும் அவருக்கு ஒரு கண்டம் இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று கேமராவில் 'அடோபி ஆர்ஜிபி' என்று மாற்றி வைத்தார். அச்சுக்குப் போகிறவர்களுக்கு அது உதவும். வலையில் பல இடங்களில் சாயம் வெளுத்துத் தெரியும். மச்சினி கல்யாணத்து அரக்குப் பட்டு, உறவினர் போன்களில் பழைய செங்கல் நிறத்தில் வந்தது. "பொண்ணு வீட்டுக்காரங்க இவ்ளோ மட்டமான பட்டா எடுத்தாங்க?" என்று ஒரு பெரியம்மா கேட்டு, அது ஒரு வாரம் ஓடியது. 'எஸ்ஆர்ஜிபி' என்று ஒரு இடத்தில் தட்டியிருந்தால் இரண்டு குடும்பங்கள் நிம்மதியாக இருந்திருக்கும்.

படம் போட்ட பிறகுதான் அசல் உழைப்பு. சங்கரா மீன் படத்தின் கீழே இயற்கை, காதல், பயணம், வாழ்க்கை என்று ஹேஷ்டேக். பிறகு ஆபீஸ் குரூப், அபார்ட்மெண்ட் குரூப், பள்ளித் தோழர் குரூப், குலதெய்வக் கோயில் குரூப் என்று வரிசையாக லிங்க். லைக் போடாதவர்களை அவர் மறப்பதில்லை, கேண்டீனில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமனார் மட்டும் தவறாமல் எல்லாப் படத்துக்கும் 'வாழ்க வளமுடன்' போடுவார். கரண்ட் கம்பியில் செத்துத் தொங்கிய காக்கைக்கும் போட்டார். ஊரிலிருந்து அத்தை போன் செய்து, "ஏன்டா கறுப்பு வெள்ளையில போட்டிருக்க, கேமரா கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். சில்லூயட் ஒன்றைப் பார்த்தவர், "கரண்ட் போயிருந்துச்சா?" என்றார். என்னைக் கேட்டால், அவர் பேஜில் வந்த ஒரே நேர்மையான விமர்சனங்கள் இவை இரண்டும்தான்.

ஆனாலும் மனிதரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இருபது ஆண்டுகளாகச் சென்னையில் இருந்தும் காசிமேட்டில் காலை வைக்காதவர், கேமரா வந்தபின் அங்கே ஏலம் விடுகிற பெண்களின் குரலைத் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்கிறார். வேடந்தாங்கலில் ஏரிக்குள் எது கடம்ப மரம் என்று தெரிந்துவைத்திருக்கிறார். கூட்டைப் படமெடுத்து இடத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கலாம், அதை நீக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவராகவும் ஆகிவிட்டார். பறவைக்குக் காட்டிய இந்தத் தயவைப் பார்ப்பவர்களுக்கும் காட்டலாம்.

அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. வடக்கு மாட வீதியில் பூ கட்டும் பாட்டி, முகத்தில் பாதி வெயில். உண்மையிலேயே நல்ல படம். கீழே இங்கிலீஷில் காலத்தின் சுருக்கங்கள் என்கிற அர்த்தத்தில் ஏதோ எழுதியிருந்தார். அன்று பாட்டி சொன்னது வேறு: "எவ்ளோ நேரம் நிப்ப தம்பி, ஒரு முழமாச்சும் வாங்கிக்கோ." கை நிறையக் கேமரா இருந்ததால் அவர் வாங்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டியபோது பாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கெழவியாவா இருக்கேன்? இதுல ஒண்ணு போட்டுக் குடு, பேத்திகிட்ட காட்டறேன்" என்றார். "கட்டாயம் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தார். படத்துக்கு ஆயிரத்துக்கு மேல் லைக் விழுந்தது. பிரேசிலிலிருந்துகூட ஒருவர் நெருப்புப் பொம்மை போட்டிருந்தார்.

அடுத்த முறை அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டி, "சும்மா ஸ்வைப் பண்ணுங்க ஜி" என்றால், பண்ணாதீர்கள். இதில் ஒன்று மட்டும்தான் பார்ப்பேன், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேளுங்கள். பாட்டி படத்தைக் காட்டினால், பிரிண்ட் போட்டீர்களா என்றும் கேட்டுவையுங்கள். ஸ்டுடியோவில் சில பத்து ரூபாய்க்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். வாட்டர்மார்க் இல்லாமல் கேட்டாலும் கொடுப்பார்கள். பாட்டிக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது.