கேளுங்க, சொல்றேன்: நரம்பு ஸ்பெஷல்

தொழிற்பேட்டைத் தொழிலாளி, மேட்டுப்பாளையம்: சூடான இரும்பைத் தொட்டால் கை முதலில் விலகுகிறது. எரிச்சல் பிறகுதான் வருகிறது. ஏன்?

கையை இழுக்க உத்தரவு போடுவது தண்டுவடம். மூளைக்குத் தகவல் மட்டும்தான். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய நரம்பில் சேதி நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான் நகரும். முதலில் காரியம், அப்புறம்தான் ஒப்பாரி!

கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை: மிளகாய் பஜ்ஜி கடித்தால் வாய் ஏன் பற்றி எரிகிறது?

43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் புரதக் கதவு ஒன்று நரம்பு நுனியில் உண்டு. மிளகாயின் கேப்சைசின் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடும். தண்ணீரில் அது கரையாது. இந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு. உங்களுக்கு ஒரு கரண்டி தயிர்.

லாரி ஓட்டுநர், மேட்டுப்பாளையம்: நரம்பில் ஓடுவது மின்சாரமா, ரசாயனமா?

இரண்டும்தான். நரம்பணுவுக்குள் மின்சாரம். அடுத்த நரம்பணுவுக்கு நடுவே மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. அதைத் தாண்டுவது பெரும்பாலும் ரசாயனம். உங்கள் தொழில்தான்: துறைமுகம் வரை லாரி, அப்புறம் கப்பல்.

ஆசிரியை, லாஸ்பேட்டை: இடைவெளியைத் தாண்டுவது ரசாயனம் என்று யார் நிரூபித்தது?

ஓட்டோ லோவி, 1921இல். கனவில் வந்த சோதனையைத் தூக்கக் கலக்கத்தில் கிறுக்கினார். காலையில் அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு. இந்த முறை நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். நரம்பைத் தூண்டியதும் ஒரு தவளையின் இதயம் வேகம் குறைந்தது. அதிலிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார்; அதுவும் குறைந்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936இல் நோபல். கையெழுத்து நன்றாக இருந்திருந்தால் ஒரு நாள் மிச்சம்!

விவசாயி, பாகூர்: பூச்சிமருந்து அடித்தால் எச்சில் ஊறி, மூச்சு முட்டுகிறதே?

ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருக்கலாம். வேலை முடிந்த அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். நரம்பு சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். சட்டையைக் கழற்றுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அட்ரோபின் ஊசி அங்கேதான் இருக்கிறது, திண்ணையில் இல்லை.

இல்லத்தரசி, வில்லியனூர்: நல்ல பாம்பு கடித்தால் இமை ஏன் சரிகிறது? மந்திரித்தால் தேறுமா?

தசையில் அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தை விஷம் பிடித்துக்கொள்ளும். இமையில் தொடங்கி மூச்சுவரை நிறுத்தும். மந்திரம் காதுக்குத்தான் போகும், தசைக்குப் போகாது. தேவை விஷமுறிவு ஊசி. அதைத் தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுக்கும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது, அவர்களைக் கும்பிடுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கும்போது பூசாரி வீட்டுக்கு வழி கேட்காதீர்கள்.