ஒரே தொலைபேசி, ஓர் அலுவலகம்: மின்னஞ்சல் கேள்வி–பதில்

கேள்வி (தென்காசி வாசகர்): தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி இணையத்தை எட்டிய டயல்-அப் காலத்தில் அலுவலகத்துக்கு ஒரே தொலைபேசிதான். மின்னஞ்சல் பார்க்க ஊழியர்கள் வரிசையில் நின்றார்களா?

பதில்: ஊழியர்கள் நிற்கவில்லை, மடல்களே வரிசையில் நின்றன. அலுவலகக் கணினிகளுள் ஒன்று அஞ்சல் சர்வராக, அதாவது அனைவரின் மடல்களையும் வாங்கி உரியவருக்குப் பிரித்துத் தரும் கணினியாக அமர்த்தப்பட்டது. கணினியின் எண்குறிகளைத் தொலைபேசிக் கம்பியில் செல்லத்தக்க ஒலிகளாகவும், அவ்வொலிகளை மீண்டும் எண்குறிகளாகவும் மாற்றும் மோடம் அந்த ஒன்றில் மட்டும் பொருத்தப்பட்டது. குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்று நீரைக் குளத்தில் தேக்கி, முறை வரும்போது மடை திறப்பதைப் போல, சர்வர் மடல்களைத் தேக்கி வைத்து, குறித்த வேளைகளில் தானே டயல் செய்து, அனுப்ப வேண்டியவற்றை அனுப்பி, வந்தவற்றை வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்தது. அலுவலகத்துக்குள் ஒருவர் மற்றவருக்கு எழுதிய மடலுக்குத் தொலைபேசியே தேவைப்படவில்லை.

கேள்வி (இலஞ்சி வாசகர்): இணைப்பு இல்லாத வேளையில் வெளியூர் மடல் எங்கே தங்கியது?

பதில்: இணைய சேவை நிறுவனத்தின் சர்வரில் தங்கியது. அதை எடுத்துவர இரு வழிகள் இருந்தன. முதலாவது, அலுவலகம் முழுவதற்கும் ஒரே பெட்டி வைத்து, பாப்-3 என்னும் நெறிமுறையால் மொத்தமாக இறக்கி, மடலின் தலைப்பிலுள்ள பெயரைப் பார்த்துப் பிரிப்பது. ஆனால் மறைபடியாக அனுப்பப்பட்ட மடலின் தலைப்பில் பெறுநர் பெயரே இராது என்பதால், அது யாருக்கு வந்தது என்று சர்வர் திகைத்தது. இரண்டாவது, 1996-இல் வரையறுக்கப்பட்ட இ.டி.ஆர்.என். என்னும் கட்டளையால், காத்திருக்கும் மடல்களை விடுவிக்குமாறு கேட்பது. இதில் பெறுநர் முகவரி சிதையாமல் வந்ததால், சொந்த டொமைன் பெயர் வைத்திருந்த அலுவலகத்துக்கு இதுவே சிறந்த வழி.

கேள்வி (குற்றாலம் வாசகர்): சாரல் காலத்தில் இணைப்பு அறுந்தால், மடல்கள் அருவியோடு போயினவா?

பதில்: போகவில்லை; சில வேளை இரட்டையாகவே வந்தன. கம்பி முடிச்சுகளில் ஈரம் புகுந்தால் இரைச்சல் கூடி, மோடம் வேகத்தைக் குறைக்கும், அல்லது இணைப்பே அறுந்துபோகும். பாப்-3 முறையில், முறையாக விடைபெற்ற பின்னரே இறக்கிய மடல்கள் அழிக்கப்படும் என்பதால், இடையில் அறுந்தால் அவை மறுமுறையும் இறங்கின. மடலோடு இணைக்கும் கோப்புகள் எழுத்துக்குறிகளாக மாற்றப்படும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருகுகின்றன என்பதால், 1 எம்.பி. கோப்பு நொடிக்கு 33,600 பிட் வேகத்தில் செல்லவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே மடலின் அளவுக்கு வரம்பு கட்டுவது சர்வர் அமைப்பவரின் முதற்கடமையாயிற்று.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): டயல்-அப் வழியே மடல் அனுப்பும் இம்முறைக்கு நம் நாட்டில் முன்னோடி உண்டா?

பதில்: உண்டு. எர்நெட் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பு 1986–87 காலத்தில் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும் மும்பை ஐ.ஐ.டி.க்கும் இடையே டயல்-அப் வழியாகவே மின்னஞ்சலைத் தொடங்கியது. பின்னர்ச் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் இணைந்தது. அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தமிழகத்தில் சென்னையே அதன் வாயிலாக இருந்தது; தொலைவிலுள்ள ஊர்களுக்கு, வெளியூர் அழைப்புக்கான எஸ்.டி.டி. கட்டணத்தால் ஒவ்வொரு நிமிடமும் செலவு என்பதால், தேக்கி அனுப்புவது வசதி மட்டுமன்று, சிக்கனமும் ஆயிற்று.

கேள்வி (மத்தளம்பாறை வாசகர்): ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட இன்று இந்தப் பாடம் எதற்கு?

பதில்: மின்னஞ்சல் சேவையையும் வழங்கும் ஸோஹோ நிறுவனமே அலுவலகம் வைத்திருக்கும் ஊரிலிருந்து வரும் இக்கேள்வி பொருத்தமானது. கம்பி மாறியது, மடலைத் தேக்கி அனுப்பும் நெறி மாறவில்லை. பெறும் சர்வர் செயலிழந்திருந்தால், அனுப்பும் சர்வர் குறைந்தது நான்கைந்து நாள் மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்றே மடல் அனுப்புவதற்கான இன்றைய எஸ்.எம்.டி.பி. நெறிமுறையும் அறிவுறுத்துகிறது. ஆகவே அஞ்சல் சர்வர் அமைக்கக் கற்கும் இளைஞர்கள், வேகத்தை அளப்பதற்கு முன் காத்திருக்கும் வரிசையைக் காக்கக் கற்க வேண்டும்.