டிரைவர் மட்டும் வரமாட்டார்

மென்பொருளைக் கணினியில் நிறுவாமலேயே, அதன் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளையும் தனிக் குமிழிக்குள் அடைத்து ஓடவிடும் மெய்நிகராக்கக் கலையை, 2006இல் சாஃப்ட்ரிசிட்டி நிறுவனத்தை வாங்கியதன் வழியே கைக்கொண்ட மைக்ரோசாஃப்ட், பின்னர் அதற்கு ஆப்-வி எனப் பெயர் சூட்டியது. ஆனால் கருவிகளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே தூது செல்லும் டிரைவரோ, பெரும்பாலும் கெர்னல் எனப்படும் கருவறைக்குள் நின்றே பூசை செய்யும் குருக்கள் ஆதலால், குமிழிக்குள் குடிபுக மறுத்துவிடுகிறார். ஆகவே அவரை மட்டும் ஒவ்வொரு கணினியிலும் பழைய முறைப்படியே நிறுவிவிட்டு, எஞ்சியதைக் குமிழியில் அனுப்பிவைப்பதே நிபுணர்கள் கண்ட தீர்வு. உரிமத்தைச் சரிபார்க்க யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் என்னும் சாவி இருந்தால், பாவம், பல வேளைகளில் அதற்கும் தனியாக ஒரு டிரைவர் வேண்டியிருக்கும். எதையும் நிறுவத் தேவையில்லை என்று புறப்பட்ட ஏற்பாட்டில், முதல் வேலை டிரைவரை நிறுவுவதுதான்.