அமிர்தியில் ஒரு பறவையும் இல்லை

வேலூர் லாங் பஜார் கடைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு புது வியாதி கிளம்பியிருக்கிறது: பறவை பார்ப்பது. போகுமிடம், சுமார் 25 கி.மீ. தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி காடு. விடியற்காலை 5 மணிக்குப் புறப்பாடு என்று வாட்ஸ்அப்பில் தீர்மானமாகும். வண்டி நகர 9 ஆகிவிடும். பிரியாணிக்குத் தம் இறங்க வேண்டாமா? அதற்குள் பறவைகள் கூவி, இரை தேடி முடித்து, வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும்.

தலையில் காட்டோடு கலக்கும் பச்சைத் தொப்பி. உடம்பில் எலுமிச்சை மஞ்சள் டி-ஷர்ட். கழுத்தில் பைனாகுலர், கையில் பாட்டுப் பெட்டி. பையில் 1941-இல் முதலில் வந்த சாலிம் அலியின் பறவைப் புத்தகம், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

"அண்ணே, ஒண்ணையும் காணோமே?"

"சத்தமா கூப்பிடுடா, ஏதாச்சும் பறக்கும்."

கடைசியில் அங்கிருக்கும் விலங்கியல் பூங்காவின் கூண்டோரம் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இவர்கள் கடை வாசலிலேயே சிந்திய அரிசிக்குப் புறா, கறிக்கடைக்கு மேலே கரும்பருந்து, மூட்டை இடுக்கில் மைனா. ஆனால் அதற்கெல்லாம் டீசல் செலவில்லை. செலவில்லாததை யார் பார்ப்பார்கள்?

ஒரு கிளிகூடக் கண்ணில் படவில்லை என்று அதிகம் புலம்பியவர் வீட்டுத் திண்ணையில் ஒரு கூண்டு தொங்குகிறது. பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாச்சே என்றால், கோபித்துக்கொள்கிறார்: "அது கிளி இல்லீங்க, எங்க ரோசி!"