தாய்மாமன் சீரும் திணறும் டைம்லைனும்: வருசநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை: மேற்கே மேகமலை, தெற்கே வருசநாட்டு மலை, வடக்கே கடமலைக்குண்டுச் சாலை, கிழக்கே, ஒரு வீட்டின் முன்னறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் பக்கமூடி கழற்றி வைக்கப்பட்ட ஒரு சி.பி.யூ. ஆய்வுப்பொருள், அதில் ஏற்றிய காதுகுத்து வீடியோ. சீர்த்தட்டோடு தாய்மாமன் மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில் படம் நின்றுவிடுகிறது. மேளச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மாமன் தூக்கிய காலை இறக்காமல் நிற்கிறார்.

இந்நிலைக்குக் காரணம் யாது என்பதில் அறிஞர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துள்ளனர்.

முதலாவது ரேம் கட்சி. டீக்கடை வட்டாரத்தில் இதற்குச் செல்வாக்கு அதிகம். “எட்டு ஜிபிய வச்சுக்கிட்டு என்னண்ணே பண்றீங்க, முப்பத்திரண்டு போடுங்க” என்பது இக்கட்சியின் மூலச்சூத்திரம். பாதி உண்மை இருக்கிறது. 4கே வீடியோவுக்கு 8 ஜிபி பற்றாது. 16 இருந்தால் வேலை நடக்கும். அதற்குமேல் வாங்கும் ரேம், சாதாரண காதுகுத்துக்குப் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

இரண்டாவதான ஹார்டு டிஸ்க் கட்சியை ஒரு வகுத்தல் கணக்கே வீழ்த்திவிடும். விழா வீடியோவுக்குப் பயன்படும் பல கேமராக்களில் 4கே பதிவு விநாடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். சுழலும் பழைய டிஸ்க்கே அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் படித்துக் கொடுக்கும். எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் சட்டென்று திறக்கும், எடிட்டிங் மென்பொருளான எடியஸ் சட்டென்று திறக்கும். மாமன் கால் இறங்காது. (மூன்று கேமராப் பதிவை ஒரே நேரத்தில் ஓட்டுவோருக்கு இம்மறுப்பு செல்லாது. அவர்கள் எஸ்எஸ்டி வாங்கலாம்.)

மூன்றாவதான விசிறிக் கட்சிதான் மண்ணோடு ஒட்டியது. கடமலை-மயிலை ஒன்றியம் இலவம்பஞ்சுக்குப் பேர்போனது. கோடையில் காய் வெடித்தால் பஞ்சு எங்கும் பறக்கும், சி.பி.யூ. விசிறி அதை இழுத்து, தூசியோடு சேர்த்துத் திரித்து, தகட்டு இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கும் வட்டார வழக்கம் இதனால் உண்டானதே. பிளோயரால் ஊதிச் சுத்தம் செய்வது அதைவிட மேல். ஆனால் சோதித்தறிய ஒரு வழி இருக்கிறது. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திணறினால் குற்றவாளி சூடு. முதல் விநாடியே திணறினால் பஞ்சின்மேல் பழி போடக்கூடாது.

நமது முன்னறை சி.பி.யூ. முதல் விநாடியே திணறுவது. ஆகவே மூன்றாம் கட்சியும் தள்ளுபடி.

உண்மைக் காரணம் மொய் நோட்டில் இருக்கிறது. முதல் வரியில் ஊர், பெயர், தொகை எல்லாம் முழுசாக எழுதுவார்கள். அதே ஊர்க்காரர் அடுத்து வந்தால் ‘மேற்படி’, அடுத்தவருக்கும் ‘மேற்படி’. பதினான்காம் வரிக்காரர் எந்த ஊர் என்று கேட்டால் விரலை மேலே மேலே நகர்த்தி முதல் வரிவரை போகவேண்டும். 2003-ல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையும், 2013-ல் அதன் தம்பியாக வந்த எச்.265-ம் வீடியோவை இப்படித்தான் எழுதுகின்றன. அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறை முழுப்படம். நடுவில் எல்லாம் ‘மேற்படி, கால் மட்டும் நகர்ந்தது’. கோப்பு சிறுக்கும், மெமரி கார்டில் இடம் மிஞ்சும். மாமன் வருகையின் நடுவே கத்தரி வைக்கும்போதுதான் கணினி முதல் வரிக்கு ஓடி, ஒவ்வொரு படமாகக் கட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. டைம்லைனைப் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பவர் இத்துன்பத்தைப் பெருக்குகிறார்.

அல்லிநகரத்து பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 1977-ல் வந்தபோது இச்சிக்கல் கிடையாது. படச்சுருளில் விநாடிக்கு 24 கட்டம், ஒவ்வொன்றும் முழுப்படம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே தெரியும். 1924-ல் கண்டுபிடித்த மூவியோலா என்னும் எடிட்டிங் எந்திரத்துக்கு ‘மேற்படி’ படிக்கும் வேலையே இல்லை. 1994-ன் ‘மகாநதி’யோடு அவிட் என்னும் கணினி எடிட்டிங் தமிழ் சினிமாவுக்குள் வந்தது. ‘மேற்படி’ கோப்புகள் கணினிக்குள் நுழைந்ததிலிருந்து திணறலும் நம்மோடு இருக்கிறது.

பரிகாரம் பிராக்ஸி. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இவ்வசதி உண்டு. 3840-க்கு 2160 அளவுள்ள மூலத்திலிருந்து 960-க்கு 540 அளவில் ஒரு நகல் எடுக்க வேண்டும். புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகும். அந்நகலை புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ் வடிவில் எடுத்தால் ஒவ்வொரு வரியும் முழு வரி. ‘மேற்படி’ என்பதே இராது. நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக்கோப்புக்கு மாறிக்கொள்ளலாம். நகல் தயாராகச் சில மணிநேரம் ஆகும். இரவு ஓடவிட்டுப் படுத்தால் விடியலுக்குள் முடிந்துவிடும், கரண்ட் போகாதிருந்தால். லேப்டாப்காரர்கள் சார்ஜரைச் செருகியே வேலை பார்க்கவும். பேட்டரியில் ஓடும்போது வேகம் குறைவது இயல்பு.

இனி ஆய்வில் மிஞ்சுவது பென்டிரைவ் சிக்கல். விழா வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் எஃப்ஏடி32 அமைப்பில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றினால் கணினி ஏற்கும், அவர்கள் வீட்டுப் பழைய டிவி ஏற்காது. எனவே வீடியோவை இரண்டாக வெட்டவேண்டும். மூத்த மாமன் சீர் முதல் பாகத்தில் என்பதில் கருத்து வேறுபாடில்லை. இளைய மாமன் சீர் பாதியில் அறுந்து இரண்டாம் பாகத்துக்குப் போன வீடியோ ஒன்றுக்கு மட்டும் பாக்கித் தொகை இன்னும் வந்துசேரவில்லை.