ஜூலை 31-ம் ஆடி 18-ம்

நாட்டின் எந்த மூலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வருமான வரி ரிட்டர்ன் போட்டாலும், ஒரு தாள் மட்டும் எங்கள் எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தபாலில் வந்தாக வேண்டும் என்றொரு காலம் இருந்தது. ஐ.டி.ஆர்.-வி என்று பெயர். அதை அச்செடுத்து, நீல மையில் கையெழுத்துப் போட்டு, பார்கோடு மேல் மடிப்பு விழாமல் உறையில் இட்டு அனுப்ப வேண்டும். முகவரி எனக்கு இன்றும் மனப்பாடம்: போஸ்ட் பேக் எண் 1, எலெக்ட்ரானிக் சிட்டி தபால் நிலையம், பெங்களூரு 560100. 2009 அக்டோபரில் வருமான வரித் துறையின் மையச் செயலாக்க மையம் பெங்களூரில் தொடங்கியபோது பிறந்த முகவரி அது. முதலில் சாதாரணத் தபால் மட்டும்தான். பிறகு ஸ்பீடு போஸ்டுக்கும் அனுமதி வந்தது. கூரியர் கூடாது, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது.

ரிட்டர்ன் போட்டுத் தருவது என் தொழில். என் அறை அப்போது தொட்டதோகூரில். தபால் நிலையம் நடந்து போகிற தூரம். வாடிக்கையாளர்களில் பலரும் அங்கேயே குடியிருந்தவர்கள். "சார், பக்கத்துலதானே இருக்கு, நானே போய்க் குடுத்துட்டு வந்துடறேனே" என்பார்கள். முடியாது, உறை வாங்கி முகவரி எழுதித் தபால் பெட்டியில்தான் போட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவேன். காஷ்மீரில் இருப்பவருக்கும் பக்கத்துக் கோனப்பன அக்ரஹாராவில் இருப்பவருக்கும் ஒரே வழி. தாள் போய்ச் சேர்ந்ததா என்று இமெயில் வரும்வரை இருவருக்கும் ஒரே கவலை.

எலெக்ட்ரானிக் சிட்டி ஆர்.கே. பாலிகா கண்ட கனவு. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் அதைத் தொடங்கியது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து பி.காம். முடித்துவிட்டு நான் வந்து சேர்ந்தபோது இது முழுக்க இளைஞர்களின் ஊர். பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று தோன்றும். வெள்ளிக்கிழமை மாலை ஓசூர் பக்கம் போகும் பஸ்களில் நிற்க இடம் இருக்காது. வெளிநாட்டு வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிய அந்தப் பிள்ளைகள் கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16-ஐக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதுல எது என் சம்பளம்?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளியிலோ கல்லூரியிலோ அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்களைப் போன்றவர்களை அரசே உருவாக்க நினைத்த காலமும் அதுதான். 2006-ல் வரி விவரம் தயாரிப்போர் திட்டம் வந்தது. பட்டதாரி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுப்பார்கள். புதிதாக ஒருவரை ரிட்டர்ன் போட வைத்தால், அவர் கட்டிய வரியில் முதல் ஆண்டு 3 சதவீதம், அடுத்த ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 1 என்று ஊக்கத்தொகை. ஒரு ரிட்டர்னுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. அந்தத் தொகையில் குடும்பம் நடத்த முடியாது என்பது பயிற்சிக்குப் போன எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் போனோம். சி.ஏ. படிக்க வசதி இல்லாத ஒரு பி.காம். பட்டதாரியைச் சட்டப் புத்தகத்தோடு ஒரு மேஜையில் உட்காரவைத்த திட்டம் அது. எனக்கு அந்த நன்றி இருக்கிறது.

அன்றைய ரிட்டர்ன் சீசன் காகிதச் சீசன். 2007-ல் இணைப்புகளே வேண்டாத புதுப் படிவங்கள் வந்த பிறகும் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் கையால் பூர்த்தி செய்த படிவத்தைத்தான் கொடுத்தார்கள். ஜூலைக் கடைசி வாரம் அவற்றைப் பையில் அடுக்கிக்கொண்டு குயின்ஸ் ரோட்டில் உள்ள வருமான வரி அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவேன். 2010 ஜனவரியில் திறந்த மேம்பாலம் அப்போது இல்லை. பொம்மனஹள்ளியில் பஸ் நின்றால் நின்றதுதான். சில்க் போர்டு தாண்டினால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். அலுவலகத்தில் வரிசை, வெயில், ஜெராக்ஸ் கடையில் இன்னொரு வரிசை. கவுன்டருக்கு உள்ளே இருப்பவர் ஒவ்வொரு படிவத்தின் அக்னாலெட்ஜ்மென்ட் தாளிலும் சீல் குத்தித் தருவார். அந்தச் சீலைத்தான் வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தினார்கள். வீட்டுக் கடனுக்கும் விசாவுக்கும் அதுதான் சாட்சி.

அந்தச் சிரமங்கள் எதுவும் திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கவுன்டர் மூடினால் சீசனும் முடிந்தது. அன்றிரவு படுத்தால் மறுநாள் யாரும் எழுப்ப மாட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் ஆடிப் பெருக்கு. ஊருக்குப் போய், அம்மாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு ஒகேனக்கல்லுக்குப் போவோம். ஜூலை 31-ம் ஆடி 18-ம் இப்படி ஒட்டி வந்ததால் என் வீட்டில் வரியின் கடைசித் தேதியைக் காவிரியின் திருநாளோடு சேர்த்தே நினைவு வைத்திருந்தார்கள். "உன் ஆபீஸ் வேலை முடிஞ்சாத்தான் நமக்கு ஆடி" என்பாள் அம்மா.

இன்று வரிசை இல்லை, சீல் இல்லை, தபாலும் கிட்டத்தட்ட இல்லை. 2015 முதல் ஆதார் எண்ணோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. போதும். தாளைத் தபாலில் அனுப்ப 120 நாள் இருந்த அவகாசமும் 2022 ஆகஸ்ட் முதல் 30 நாளாகிவிட்டது. சம்பளம், வங்கி வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை எல்லாம் படிவத்தில் தானாகவே நிரம்பி வருகின்றன. வேலை குறைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர்களும் அப்படி நினைத்து ஜூலை 29 அன்று கூப்பிடுகிறார்கள். 2024 ஜூலை 31 அன்று ஒரே நாளில் நாடு முழுவதும் 69.92 லட்சம் ரிட்டர்ன்கள் போடப்பட்டன. மாலை 7 மணியிலிருந்து 8 மணிக்குள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். கவுன்டருக்குக் கதவு இருந்தது, இணையதளத்துக்குக் கதவு நள்ளிரவில்தான்.

ஓ.டி.பி. 15 நிமிடம் செல்லும். நாங்கள் இங்கே அனுப்பும் நேரத்தில் வாடிக்கையாளர் கலிஃபோர்னியாக்காரர்களோடு மீட்டிங்கில் இருப்பார், அல்லது குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு போனை அமைதியில் போட்டிருப்பார். ஒரு கையெழுத்துக்காக அன்று நான் நீலாத்ரி ரோட்டில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அந்தச் சாக்கில் காபி குடித்தோம். மனைவிக்கு வேலை மாறியதையும் ஊரில் நிலம் விற்றதையும் அவர்களே சொன்னார்கள். அந்தப் பேச்சில்தான் ரிட்டர்னில் சேர்க்க வேண்டிய பாதி விஷயம் வெளியே வரும். இப்போது ஆறு இலக்கம் வந்துவிடுகிறது, பேச்சு வருவதில்லை. அதைத் தனியாக நேரம் ஒதுக்கிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

தானாக நிரம்பிய படிவம் சரிபார்க்கத் தேவையில்லாத படிவம் ஆகிவிடாது. 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கையில், கூட்டுக் கணக்கின் வட்டி அம்மா பெயரில் சேர வேண்டியது மகன் பெயரில் நிற்கும். கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகள் இருந்தால் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை வேறு. நமக்குக் கணக்கு ஏப்ரலில் தொடங்கும், அந்த அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதில் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். 2025 சீசனில் பங்கு ஆதாயத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலை 23-க்கு முன் விற்றதற்குக் குறுகிய கால வரி 15 சதவீதம், அன்று முதல் 20. நீண்ட காலத்துக்கு 10-லிருந்து 12.5. கைபேசியில் நினைத்த நேரத்தில் வாங்கி விற்கும் பிள்ளைகளின் கணக்கை இப்படிப் பிரித்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும் எங்கள் இரவுகள் எங்கே போகின்றன என்று.

அந்தக் கணக்குகளில் என்னை மிகவும் வருத்துவது எஃப் அண்ட் ஓ என்கிற ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் வர்த்தகம். திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் சம்பளம் மட்டும்தான் என்று சொல்லி ஃபார்ம் 16 அனுப்பியிருந்தார். வங்கிக் கணக்கைப் பார்த்தால் மாதாமாதம் தரகு நிறுவனத்துக்குப் பெரிய தொகை போயிருக்கிறது. நேரில் வரச் சொன்னேன். வந்தவர் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "வீட்ல யாருக்கும் தெரியாதுண்ணா. தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்சிருந்த காசு" என்றார். தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இதில் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபியே ஆய்வு வெளியிட்டிருந்ததை எடுத்துக் காட்டினேன். நீங்கள் மட்டும் ஏமாந்தவர் இல்லை என்பதை அவர் முதலில் நம்ப வேண்டியிருந்தது. அப்புறம்தான் வரி. இது வியாபார நஷ்டம், படிவம் 3 போட வேண்டும், கடைசித் தேதிக்குள் போட்டால்தான் அடுத்த 8 ஆண்டுகளுக்கு நஷ்டத்தை எடுத்துச் செல்ல முடியும் என்றேன். வெளியே இன்னும் சிலர் காத்திருந்தார்கள். அன்று அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் கட்டணத்துக்கு உண்மையான காரணம் அந்த ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வகை ஆட்களும் இதே தெருக்களில் இருக்கிறார்கள். கம்பெனி வாசலில் டீக்கடையில் நின்றே பேசி முடிப்பார்கள். பிடித்த வரியில் பாதிக்கு மேல் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் எனக்கு என்பார்கள். கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத வாடகை, வராத நோய் எல்லாம் ரிட்டர்னில் ஏறும். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடிச் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறக்குறைய 40,000 பேர் திருத்திய ரிட்டர்ன் போட்டு 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த வாரம், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னை விட்டுப் போனவர்கள் பலர் கூப்பிட்டார்கள். "நீங்க அன்னிக்கு மாட்டேன்னு சொன்னீங்க, அவர் செய்றேன்னார்" என்றார் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சதவீதம் பேசி அவரைச் சிக்கவைத்தவர்மேல் இருக்கிறது. நோட்டீஸ் வந்த பிறகு அந்த ஆளின் போன் ஒலிப்பதில்லை. ரிட்டர்னில் இருக்கும் பெயர் சம்பளக்காரருடையது.

சீசனை எப்படித் தாங்குகிறீர்கள் என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஃபார்ம் 16 வர ஜூன் 15 ஆகிவிடும் என்பதால் கைக்கு உண்மையில் கிடைப்பது ஒன்றரை மாதம். அதை நீட்ட முடியாது, முன்னால் இழுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களிலேயே வாடகை விவரம், வீட்டுக்காரரின் பான், பங்கு அறிக்கை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆண்டு வாடகை ஒரு லட்சம் தாண்டினால் வீட்டுக்காரர் பான் வேண்டும். தர மாட்டேன் என்கிற வீட்டுக்காரரோடு பேச ஜூலையில் யாருக்கும் பொறுமை இருக்காது. ஜூலை இருபதுக்கு மேல் புது ஆட்களை எடுப்பதில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் கணக்கைத் தொடுவதில்லை. சந்தாபுராவிலும் அத்திப்பள்ளியிலும் ஓசூரிலும் தனியாகத் தொழில் செய்யும் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய கோப்புகளை, அவருடைய வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு, மற்றவர்கள் முடித்துக் கொடுப்போம். வாடிக்கையாளரைத் தன்பக்கம் இழுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஒரு முறைகூட அது மீறப்படவில்லை. பெரிய அலுவலகங்களுக்கு ஆள் பலம் உண்டு, எங்களுக்கு இந்த நட்புதான்.

கடைசித் தேதியைத் தள்ளிவைத்தால் எங்களுக்கு நிம்மதி என்று நினைப்பது தவறு. 2021-ல் புது இணையதளம் வந்த ஆண்டு ஜூலை 31 செப்டம்பர் 30 ஆகி, பிறகு டிசம்பர் 31 ஆனது. 2025-ல் செப்டம்பர் 15 என்றார்கள், அன்று இரவு இன்னும் ஒரு நாள் தந்தார்கள். வருகிறவர்கள் அப்போதும் கடைசி வாரத்தில்தான் வருகிறார்கள். நடுவில் ஆடிப் பெருக்கு போனது, விநாயகர் சதுர்த்தி போனது. அம்மா இப்போது "ஆடிக்கு வர்றியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். தேதியைத் தள்ளுவதற்குப் பதிலாகப் படிவங்களையும் மென்பொருளையும் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டால் யாருக்கும் நீட்டிப்பே தேவைப்படாது. இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம். 1961-ன் பழைய சட்டத்தில் 800-க்கு மேல் போன பிரிவுகள் இதில் 536. ஆனால் அந்த ஜூலையில் போட வேண்டிய ரிட்டர்ன் முந்தைய ஆண்டுக்கானது, அதற்குப் பழைய சட்டம்தான். சம்பளத்தில் அந்த மாதம் பிடிக்கும் வரிக்குப் புதியது. ஒரே ஆள் இரண்டு சட்டங்களுக்கும் இடையில் நிற்பார், அவருக்கு அதை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும்.

அத்திப்பள்ளியிலிருந்து பி.காம். முடித்த ஒரு பெண் சென்ற சீசனில் வேலை கேட்டு வந்தாள். கம்ப்யூட்டரே எல்லாம் போட்டுவிடும் என்கிறார்களே, இதைக் கற்றுக்கொள்ளலாமா என்று அவளுக்குச் சந்தேகம். ஜூலையில் வேண்டாம், ஏப்ரலில் வா என்றேன். முதல் மாதம் அவள் படிவத்தைத் தொடப்போவதில்லை. வருகிறவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு வேலை மாறினீர்களா? பழைய கம்பெனியின் ஃபார்ம் 16 இருக்கிறதா? ஊரில் நிலமோ வீடோ விற்றீர்களா? அம்மா பெயரோடு சேர்ந்த கணக்கு உண்டா? பங்குச் சந்தையில் நஷ்டம் ஏதும் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பிறகு உடனே அடுத்த வேலைக்குப் போகாமல் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.